எச்.ஐ.வி. டெஸ்ட்: பெங்களூருவில் படிக்கும் பிள்ளைகள் எங்கே தயங்குகிறார்கள்?

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் பெங்களூரு கல்லூரிகளில் சிவப்பு ரிப்பனுக்குக் குறைவிருக்காது. எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான மாணவர் மன்றமான ரெட் ரிப்பன் கிளப் பிள்ளைகள் ரங்கோலி போடுவார்கள், தெருநாடகம் நடத்துவார்கள், வினாடி வினா வைப்பார்கள். கொசு கடித்தால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, ஊசியைப் பகிர்ந்தால் வரும், ஆணுறை இல்லாத உறவில் வரும் என்று பதில்கள் மளமளவென்று வந்து விழும். அதே பிள்ளைகளிடம் ‘நீ டெஸ்ட் எடுத்திருக்கியா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘நானா? எனக்கெதுக்கு?’

சேலம், தர்மபுரி, கோவை, திருநெல்வேலி என்று எங்கிருந்தெல்லாமோ வந்து மடிவாளாவிலும் பி.டி.எம். லேஅவுட்டிலும் பி.ஜி. என்கிற தனியார் கட்டண விடுதிகளில் தங்கிப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் இதற்கு விலக்கில்லை. இவர்களுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வருஷா வருஷம் போஸ்டர் அடிப்பதில் பயன் கம்மி. கல்லூரி வாசலுக்கும் பரிசோதனை அறைக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு மணி நேரப் பயணத்தில்தான் கால் பின்வாங்குகிறது. அந்தப் பயணத்தை விவரமாகச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

முதலில் மனநிலையை அளக்கிற முறையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. பெங்களூருவில் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி, நர்சிங், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் ப்ராஜெக்டுக்காக அடிக்கடி எடுத்துக்கொள்ளும் தலைப்பு இது. கேள்வித்தாளில் ‘விருப்பப் பரிசோதனை அவசியம் என்று நினைக்கிறீர்களா?’ என்று இருக்கும். எல்லாரும் ‘ஆம்’ போடுவார்கள். ‘வாய்ப்புக் கிடைத்தால் செய்துகொள்வீர்களா?’ அதற்கும் ‘ஆம்’. படிவத்தைக் கொடுத்து வாங்குவது வகுப்பு ஆசிரியர், மேலே ரோல் நம்பர் எழுத ஒரு கட்டம் என்றால் வேறு என்ன பதில் வரும்? நல்ல பிள்ளை எழுத வேண்டிய பதிலைத்தான் எழுதுவார்கள்.

உண்மை தெரிய வேண்டுமென்றால் நடந்ததைக் கேட்க வேண்டும். கடந்த 12 மாதத்தில் டெஸ்ட் எடுத்தீர்களா? நீங்களாகப் போனீர்களா, ஆபரேஷனுக்கோ வேறு எதற்கோ அவர்களாக எடுத்தார்களா? ரிசல்ட்டை வாங்கினீர்களா? போகவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றுபோனது? இடம் தெரியாததாலா, நேரம் ஒத்துவராததாலா, யாராவது பார்ப்பார்கள் என்றா? படிவத்தில் பெயர், ரோல் நம்பர், துறை எதுவும் இருக்கக்கூடாது. மூடிய பெட்டியில் போடச் சொல்ல வேண்டும். 40 பேர் வகுப்பில் ‘பெண், 22 வயது, தமிழ்நாடு, விடுதி’ என்று நான்கு கட்டம் வைத்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் இந்தத் தலைப்பைத் தொடவே கூடாது.

இனி ‘எனக்கெதுக்கு?’ என்பதற்கு வருவோம். அந்தக் கேள்விக்குள் இருப்பது அலட்சியம் மட்டுமல்ல. டெஸ்ட் எடுக்கப் போனாலே நடத்தை சரியில்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்கிற பயம். பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு. இந்தப் பயத்தை வளர்த்ததில் நம் பிரசாரத்துக்கும் பங்கு உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நேக்கோ 1992இல் தொடங்கப்பட்டது. பாலியல் தொழிலில் இருப்பவர்கள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசி வழி போதை எடுப்பவர்கள், லாரி ஓட்டுநர்கள், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் என்று தொற்று வாய்ப்பு அதிகமுள்ளோரைக் குறிவைத்துத்தான் வேலை நடந்தது. திட்டமாக அது சரியான முடிவு, பலனும் தந்தது. கேட்டுக்கொண்டிருந்த மாணவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: ‘அது அவங்களுக்கு வர்ற வியாதி.’ கிருமி வகுப்பு பார்த்து வருவதில்லை, செய்கையைப் பார்த்துத்தான் வருகிறது என்பது விட்டுப்போனது.

2023 மதிப்பீட்டின்படி நாட்டில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். பெரியவர்களில் 0.2 சதவீதம். கர்நாடகத்தின் விகிதம் தேசிய சராசரியைவிடக் கூடுதல். தொற்று இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு உள்ளவர்கள் என்று தேறியவர்கள் பெண்களில் 21.6 சதவீதம், ஆண்களில் 30.7 சதவீதம். பார்க்க ஆரோக்கியமாக இருப்பவருக்கும் தொற்று இருக்கலாம் என்று தெரிந்திருப்பது அந்த அளவுகோலில் ஒரு பகுதி. ‘ஆளைப் பார்த்தாலே தெரியும்’ என்ற நம்பிக்கை பட்டப்படிப்பு படித்தவர்களிடமும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சரி, யாருக்குத்தான் டெஸ்ட் தேவை? ஆணுறை இல்லாமல் ஒரு தடவையாவது உறவு வைத்தவர், ஆணுறை கிழிந்துபோனவர், துணையின் நிலை தெரியாதவர், போதை ஊசியைப் பகிர்ந்தவர், பால்வினை நோய் அறிகுறி உள்ளவர், காசநோய் கண்டறியப்பட்டவர். இதில் ஒன்றுகூட இல்லை, மனசு உறுத்துகிறது என்றாலும் போகலாம். யாரும் திருப்பி அனுப்பக் கூடாது.

இன்னொரு தவறான நம்பிக்கை பெங்களூரு வளாகங்களில் பரவலாக உண்டு. ‘போன மாசம் கேம்ப்ல ரத்தம் கொடுத்தேன்டா. போன் எதுவும் வரல. அப்ப நான் நெகட்டிவ்தானே?’ ரத்த வங்கி ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியாவுக்குப் பார்க்கிறது, உண்மைதான். அது ரத்தம் பெறுபவரைக் காப்பாற்றச் செய்யும் சோதனை. கொடையாளி எழுதிய நம்பர் தப்பாக இருக்கலாம், அழைப்பு வராமல் போகலாம். தொற்று ஏற்பட்ட புதிதில் சோதனையில் பிடிபடாத காலமும் உண்டு. அந்தக் காலத்தில் கொடுத்த ரத்தம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒருவருடைய உடம்புக்குள் போகும். சந்தேகம் இருப்பவர் ரத்தம் கொடுக்கவே கூடாது. டெஸ்டுக்குப் பதிலாக ரத்ததானம் செய்வது இன்னொருவர் உயிரோடு விளையாடுவது.

போவதென்று முடிவு செய்தாயிற்று, எங்கே போவது? தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை பார்த்திருப்பீர்கள். பெங்களூருவில் அதுவே ஐ.சி.டி.சி., அதாவது எச்.ஐ.வி.க்கான ஆலோசனை, பரிசோதனை மையம். கன்னடப் பலகையில் ‘ஆப்த சமாலோசனை’ என்று தொடங்கும். சிவாஜிநகர் பௌரிங், கே.ஆர். மார்க்கெட் பக்கத்து விக்டோரியா, மல்லேஸ்வரம் கே.சி. ஜெனரல், ஜெயநகர் பொது மருத்துவமனை என்று பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. டாக்டர் சீட்டு வேண்டாம், நேராக மையத்துக்கே போகலாம். கட்டணம் இல்லை. பொதுவாகக் காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை, ஞாயிறு கிடையாது. பத்தரைக்குள் போய்விடுவது நல்லது. மதியத்துக்கு மேல் போனால் ரத்தம் எடுத்தாலும் ரிசல்ட் அடுத்த நாளைக்குத் தள்ளிப்போகலாம். மொழி பற்றிக் கவலை வேண்டாம். சிவாஜிநகர் பக்கம் தமிழ் காதில் விழாத நாளில்லை. மற்ற இடங்களிலும் கன்னடம், ஆங்கிலம், தட்டுத்தடுமாறிய தமிழ் மூன்றும் கலந்து வேலை நடந்துவிடும். போகும் முன் பேசிப் பார்க்க விரும்பினால் 1097. நேக்கோவின் இலவச உதவி எண், பல மொழிகளில் பேசுவார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

‘யாராவது பாத்துட்டா?’ என்பது நியாயமான கேள்வி. இதற்கு ‘வெட்கப்படாதே’ என்று பதில் சொல்வதை நிறுத்த வேண்டும். ஊரில் எடுத்தால் சித்தப்பாவுக்குத் தெரிந்த கம்பவுண்டர் இருப்பார், பெங்களூருவில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே வேறு தொல்லை. நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் படிக்கும் பிள்ளைகள் அரசு ஆஸ்பத்திரிகளில் போஸ்டிங்கில், அதாவது பயிற்சிப் பணியில் இருப்பார்கள். உங்கள் கல்லூரிப் பிள்ளைகள் எந்த ஆஸ்பத்திரியில் போஸ்டிங் போகிறார்கள் என்று பார்த்து, அதை விட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். யூனிஃபார்ம், ஐ.டி. கார்டு கயிறு, கல்லூரிப் பெயர் போட்ட பை எதுவும் வேண்டாம். நண்பர் ஒருவர் கூட வரலாம், ஆனால் கவுன்சலிங் அறைக்குள் வேண்டாம். நண்பர் பக்கத்தில் இருந்தால் உண்மையான பதில் வராது.

தனியார் லேபில் ரகசியம் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லேப் செயலியில் கணக்கு பெரும்பாலும் அப்பாவின் போன் நம்பரில் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் டெங்குக்கு எடுத்த டெஸ்டில் அந்த நம்பரைப் பதிவு செய்திருப்பார்கள். ரிசல்ட் வாட்ஸ்அப்பில் நேராக வீட்டுக்குப் போய்விடும். புதிதாகப் பதிவு செய்து, சொந்த நம்பர் மட்டும் கொடுத்து, அச்சுப் பிரதியைக் கையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள். குடும்ப இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போடாதீர்கள். சட்டப்படி தனியார் லேபும் கவுன்சலிங் கொடுத்துச் சம்மதம் வாங்கியபின்தான் எச்.ஐ.வி. டெஸ்ட் செய்ய வேண்டும். பல இடங்களில் இது நடப்பதில்லை. ரியாக்டிவ் (தொற்று இருக்கலாம்) என்று ஒற்றை வரியில் பி.டி.எஃப். வந்து, ராத்திரி பதினோரு மணிக்குப் பி.ஜி. அறையில் தனியாக அதைத் திறந்து பார்ப்பதைவிட ஐ.சி.டி.சி. நாற்காலி எவ்வளவோ மேல்.

உள்ளே என்ன நடக்கும்? பெயர், வயது, முகவரி, போன் நம்பர் எழுதிக்கொண்டு பி.ஐ.டி. என்று ஒரு அடையாள எண் தருவார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பேச்சு. கடைசியாக எப்போது உறவு, ஆணுறை இருந்ததா, ஆணோடா பெண்ணோடா, ஊசி, ரத்தம் ஏற்றியது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், பிறப்புறுப்பில் புண் அல்லது வெள்ளைப்படுதல் என்று கேட்பார்கள். இதில் கூச்சப்பட்டுத் தேதியை மாற்றிச் சொல்வதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய பிழை. அந்தத் தேதியை வைத்துத்தான் ரிசல்ட்டுக்கே அர்த்தம். ‘பாசிட்டிவ் வந்தா யார்கிட்ட சொல்லுவீங்க?’ என்றும் கேட்பார்கள். பயமுறுத்த அல்ல. அந்தப் பதிலைக் கேட்டால் வீட்டில் யார் துணை, யாரிடம் ஆபத்து என்பது கவுன்சிலருக்குப் புரிந்துவிடும். ஆலோசகரில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ‘கல்யாணம் ஆகாம இதெல்லாம் எதுக்கும்மா?’ என்று உபதேசம் தொடங்கினால், ‘மேடம், எனக்கு டெஸ்ட் மட்டும் வேணும்’ என்று மரியாதையாகச் சொல்லலாம். வேறு மையத்துக்கும் போகலாம். அப்படி ஒரு வார்த்தை கேட்டு எழுந்து போன பிள்ளை திரும்பி வருவது அபூர்வம்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து. 18 வயது முடிந்தவர் தானே போடலாம், பெற்றோர் வேண்டியதில்லை. வேண்டாம் என்று தோன்றினால் இந்த இடத்திலும் எழுந்து போகலாம். கையெழுத்துக்குப் பின் முழங்கை மடிப்பு நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம், சுமார் 3 முதல் 5 மில்லி. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. சாப்பிடாமல் போய் மயங்கி விழுவதுதான் நடக்கும். சிபிலிஸுக்கும் சேர்த்தே பார்க்கச் சொல்வார்கள், ஒத்துக்கொள்வது நல்லது.

லேபில் ரத்தத்தைச் சுழற்றி, அதன் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரிப்பார்கள். கையடக்கப் பிளாஸ்டிக் அட்டையில் ஒரு சின்னக் குழி. அதில் அளவாகச் சீரம், மேலே பஃபர் கரைசல். ஈரம் மெல்ல ஊர்ந்து ஜன்னலுக்குள் போகும். சி என்ற இடத்தில் ஒரு கோடு கட்டாயம் தெரிய வேண்டும். அது கிட் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. அந்தக் கோடு வராவிட்டால் பக்கத்தில் என்ன தெரிந்தாலும் செல்லாது, புது கிட்டில் மறுபடி செய்ய வேண்டும். கிட்டில் சொன்ன நேரத்துக்குள் படித்துவிட வேண்டும். நேரம் கடந்து பார்த்தால் காய்ந்த கறையே கோடு மாதிரித் தெரியும். ஜூலை மழையில் கரண்ட் போய், ஃப்ரிட்ஜில் கிட் கெட்டுப்போவதும் உண்டு. கிட்டைச் சரியான குளிரில் வைத்திருக்கிறார்களா, காலாவதி ஆகவில்லையா என்று பார்ப்பது லேப் வேலையில் பாதி.

முதல் கிட்டில் சி கோடு மட்டும் தெரிந்து, பக்கத்தில் இன்னொரு கோடு இல்லையென்றால் நெகட்டிவ், முடிந்தது. முதல் கிட் ஒன்றையும் தவறவிடாதபடி கூர்மையாகத் தேர்ந்தெடுத்ததாக இருக்கும். ரியாக்டிவ் என்றால் வேறு வகையான இரண்டாவது, மூன்றாவது கிட்டில் அதே ரத்த மாதிரியைப் பார்ப்பார்கள். மூன்றும் ரியாக்டிவ் ஆனால்தான் பாசிட்டிவ். இரண்டு ரியாக்டிவ், ஒன்று இல்லை என்றால் முடிவு சொல்லாமல் 14 முதல் 28 நாள் கழித்து வரச் சொல்வார்கள்.

ஏன் மூன்று? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 பேரை எடுத்துக்கொள்வோம், 0.2 சதவீதம் என்றால் உண்மையில் தொற்று உள்ளவர்கள் 20 பேர். ஒரு கிட் 99.5 சதவீதம் துல்லியமாக நெகட்டிவ் சொல்லும் என்று வைத்தால், மீதி 9,980 பேரில் சுமார் 50 பேருக்குத் தவறாக ரியாக்டிவ் காட்டும். மொத்தம் 70 ரியாக்டிவ், அதில் 50 பொய். இதனால்தான் லேபிலோ கேம்பிலோ விரல் நுனியில் குத்தி எடுத்த ஒற்றை டெஸ்ட் ரியாக்டிவ் என்று வந்தால் அது தீர்ப்பு அல்ல. ஐ.சி.டி.சி.க்குப் போய் உறுதிசெய்ய வேண்டும் என்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். இந்தக் கணக்கு ஒவ்வொரு கல்லூரி மாணவருக்கும் தெரிந்திருந்தால் பாதி விபரீதம் தவிர்க்கப்படும்.

அடுத்து தேதிக் கணக்கு. சனிக்கிழமை ராத்திரி நடந்ததற்குத் திங்கட்கிழமை டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் பார்த்து நிம்மதியாகிவிடுவது மாணவர்களிடையே சர்வ சாதாரணம். உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்க நாள் பிடிக்கும். எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் ரேப்பிட் டெஸ்ட் 23 முதல் 90 நாளுக்குள் தொற்றைக் காட்டும். பி24 ஆன்டிஜென் என்ற கிருமியின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை லேப் டெஸ்ட் 18 முதல் 45 நாளுக்குள் காட்டும். லேபில் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். ஐ.சி.டி.சி.யில் எடுத்தால் மூன்று மாதம் முடிந்து ஒரு தடவை மறுபடி எடுத்தால்தான் முழு நிம்மதி. அந்த மூன்று மாதமும் ஆணுறை கட்டாயம், ரத்ததானம் கிடையாது. இடையில் புதிதாக ஒன்று நடந்தால் கணக்கு அந்தத் தேதியிலிருந்து மறுபடி தொடங்கும்.

திங்கட்கிழமை செய்ய வேண்டிய வேலை வேறு. 72 மணி நேரத்துக்குள் என்றால் தொற்றைத் தடுக்கும் பி.இ.பி. மாத்திரை இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது, 72 மணி கடந்தால் பயனில்லை. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றான ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். பத்து நாளில் குமட்டல் என்று நிறுத்துபவர்களுக்குத்தான் பிரச்சினை வரும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கும், வேலையில் ஊசி குத்தியவருக்கும் அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டியிலேயே கொடுக்க வேண்டும். மற்றவர்கள் விடியட்டும் என்று காத்திராமல் டாக்டரைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

நர்சிங் மாணவிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை, பெங்களூருவில் நம் ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படிப்பில் இருக்கிறார்கள். ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்காதே, வாயில் வைக்காதே, ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்றாதே. சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். உடனே வார்டு சிஸ்டரிடம் சொல், எழுத்தில் பதியச் சொல். தொற்றுள்ளவரிடம் பயன்படுத்திய ஊசி குத்தினாலும் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு 1,000இல் 3தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு, 100இல் 30 வரைக்கும் போகலாம். திட்டு விழும், போஸ்டிங் மார்க் போய்விடும் என்று மறைப்பவர்கள்தான் அதிகம். மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அந்த 72இலிருந்து கழிகிறது. குத்திய அன்றே எடுக்கும் டெஸ்ட் அதற்கு முன் உங்களுக்குத் தொற்று இல்லை என்பதற்கான ஆதாரம். பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் திரும்ப எடுக்க வேண்டும்.

‘வீட்டுக்குச் சொல்லிடுவாங்களா? காலேஜ்ல இருந்து தூக்கிடுவாங்களா?’ இந்தப் பயம் வானத்திலிருந்து குதித்ததல்ல. 1989இல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்தம் கொடுத்ததில் தொற்று தெரியவந்தது. போலீஸ் வந்து கூட்டிப்போய், மூடிக்கிடந்த காசநோய் விடுதியில் 64 நாள் அடைத்து வைத்தார்கள். 1998இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், ரத்தம் கொடுத்தவரின் ரிசல்ட்டை ஆஸ்பத்திரி வெளியே சொல்லி அவர் கல்யாணம் நின்றுபோனது. நீதிமன்றம் ஆஸ்பத்திரி பக்கம் நின்றது.

இன்று நிலைமை வேறு. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் செய்யக் கூடாது. வேலைக்கோ, சிகிச்சைக்கோ, கல்விக்கோ டெஸ்டை நிபந்தனையாக வைக்கக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுப்பதற்கும் வெளியேற்றுவதற்கும் சட்டத்தில் தடை உண்டு. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் இதற்கென ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ரிசல்ட்டை உங்களிடம் நேரில் மட்டுமே தருவார்கள், அப்பா அம்மா வந்து கேட்டாலும் தரக்கூடாது. முக்கியமான விலக்கு ஒன்று உண்டு, அதையும் தெரிந்துகொள்வது நல்லது. துணைக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருந்து, பாசிட்டிவ் ஆனவர் ஆலோசனைக்குப் பிறகும் சொல்ல மறுத்தால், முன்கூட்டியே அவருக்கு அறிவித்துவிட்டு டாக்டரோ கவுன்சிலரோ அந்தத் துணைக்கு நேரில் சொல்லலாம். சொன்னால் அடி உதைக்கு ஆளாவார் என்று அஞ்சும் பெண்ணுக்கு அதிலும் பாதுகாப்பு உண்டு.

‘தெரிஞ்சு என்ன பண்ண?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. என்ற கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 முதல் அரசில் இலவசம். 2017 முதல் சி.டி.4 என்ற எதிர்ப்பு சக்தி அணுக்களின் எண்ணிக்கை இறங்கும்வரை காத்திராமல் பாசிட்டிவ் என்றதும் தொடங்கலாம். பௌரிங், விக்டோரியா இரண்டிலும் ஏ.ஆர்.டி. மையம் உண்டு, படிப்பு முடிந்து ஊருக்குப் போனால் அங்குள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தினம் ஒரு மாத்திரை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு, மில்லிக்கு 200 காப்பிக்குக் கீழ் நிலையாக இருந்தால் உறவின் மூலம் மற்றவருக்குப் பரவாது. படிப்பு, வேலை, கல்யாணம், தொற்றில்லாத குழந்தை எல்லாமே நடக்கிற காரியம்.

கடைசியாகக் கல்லூரி நிர்வாகங்களுக்கும் ரெட் ரிப்பன் கிளப்புகளுக்கும். செமினார் ஹாலில் ஒரே நாளில் 200 பேருக்கு டெஸ்ட் என்று கேம்ப் போடாதீர்கள். அதற்கு அட்டெண்டன்ஸ் கொடுக்காதீர்கள், அட்டெண்டன்ஸ் கொடுத்தால் அது விருப்பப் பரிசோதனை ஆகாது. வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை நிமிஷம் உள்ளே இருந்தார் என்று கணக்குப் பார்ப்பார்கள். எல்லாரும் இரண்டு நிமிஷத்தில் வெளியே வர, ஒருத்தி மட்டும் இருபது நிமிஷம் கழித்து வந்தால் அன்று சாயங்காலமே விடுதி முழுக்கப் பேச்சாகிவிடும். கேம்ப் போட்டே ஆகவேண்டும் என்றால் ரத்தம் எடுப்பது மட்டும் கல்லூரியில் இருக்கட்டும். ரிசல்ட் எல்லாருக்கும் வேறு நாளில், மையத்தில், தனித்தனி நேரத்தில். உள்ளே போக ஒரு கதவு, வெளியே வர இன்னொரு கதவு. பதிவேடு மையத்தோடு போய்விட வேண்டும், முதல்வர் அறைக்கு எண்ணிக்கைகூடப் போக வேண்டாம். 12 பேர் வகுப்பில் ‘ஒன்று ரியாக்டிவ்’ என்பது பெயர் சொன்னதற்குச் சமம்.

கேம்பைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நான்கு ஆஸ்பத்திரிகளின் பெயர், மையம் இருக்கும் கட்டடம், மாடி, நேரம், 1097 இவ்வளவையும் ஒரு கையகலச் சீட்டில் அச்சடித்து எல்லா மாணவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். எல்லார் பையிலும் இருந்தால் யார் பையில் இருக்கிறது என்ற பேச்சே வராது. மாதம் ஒரு வேலை நாளில் காலை வகுப்பிலிருந்து காரணம் கேட்காமல் விடுப்புக் கொடுங்கள். கூடப் போகும் நண்பர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்: வெளியே உட்கார்ந்திரு, ரிசல்ட் என்ன என்று கேட்காதே, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். நெகட்டிவ் வந்தவர்கள் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதையும் தடுக்கச் சொல்லுங்கள். பத்து பேர் போய்ட்டு வந்து ஒன்பது பேர் ஸ்டேட்டஸ் வைத்தால், வைக்காத அந்த ஒருவரை எல்லாரும் பார்ப்பார்கள்.